பக்கத்தின் அடியில் இருந்த விலாசம்

அந்த மாதப் பத்திரிகையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சேலத்தில் அச்சாகி, பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கு மட்டும் தபாலில் போய்க்கொண்டிருந்த சிறிய பத்திரிகை அது. இருபத்துநாலு பக்கம். அட்டை ஒரு மாதம் பச்சை மையில் இருக்கும், அடுத்த மாதம் சிவப்பில். பெட்டிக்கடையில் தொங்காது. புறா வைத்திருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒன்று வருவதே தெரியாது. நடத்தியவர் பகலில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பத்திரிகை வேலை பார்த்தார். பத்து வருஷத்துக்குமேல் தாக்குப்பிடித்துப் பிறகு நிறுத்திவிட்டார். நின்று முப்பது வருஷம் கடந்துவிட்டது.

நான் அதற்குச் சந்தாதாரன். சூரமங்கலத்தில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் பன்னிரண்டு புறா வைத்திருந்தேன். பந்தயப் புறாவைப் பழக்க வேண்டுமென்றால் கூடையில் அடைத்துத் தூரத்தில் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும். அது வீடு தேடி வந்து சேரும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் சங்ககிரி லாரி டிரைவர்களிடம் கூடையைக் கொடுத்தனுப்புவார்கள். எனக்கு ரயில் இருந்தது. தெரிந்த ரயில் கார்டு யாராவது கூடையை வாங்கிப் போய் ஜோலார்பேட்டையில் திறந்துவிட்டு, எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்து வருவார். சீட்டு வருவதற்கு முன்னால் புறா வந்திருக்கும்.

கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. புறாக்களை ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். பத்திரிகைகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டேன். அன்றைக்கு அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காகிதம், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் சூரமங்கலத்துக்கே திரும்பி வந்து சொந்த வீட்டில் குடியேறினோம். மாடியில் மறுபடியும் இரண்டு ஜோடி வாங்கி விட்டேன். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் புறாக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ என்னைச் சேர்த்தார்கள். இருநூறு பேருக்குமேல் இருந்தார்கள். லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள், கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறவர்கள், இரண்டு மூன்று வாத்தியார்கள். பெரும்பாலும் என்னைவிட இளையவர்கள். தினமும் ஏதாவது கேள்வி வரும். குஞ்சுக்கு எத்தனையாவது நாளில் காலில் அடையாள வளையம் போடுவது, பந்தயத்துக்கு முதல் நாள் என்ன தீனி வைப்பது, சளி பிடித்தால் என்ன செய்வது. இணையத்தில் ஆங்கிலத்தில் நிறைய இருந்தது. அதில் சொல்லியிருந்த தீனியும் மருந்தும் நம் ஊர்க் கடையில் கிடைப்பவை அல்ல.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே தமிழில் ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள் என்று போட்டேன். அன்றிலிருந்து என்னை விடவில்லை. "சார், அது எங்கயாச்சும் கெடைக்குமுங்களா?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்டார்கள். எனக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

ஏறக்குறைய ஒரு வருஷம் தேடினேன். நூலகங்களில் அப்படி ஒரு பத்திரிகையைக் கேள்விப்பட்டவர்களே இல்லை. அச்சடித்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது பிளெக்ஸ் பேனர் அடிக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய பேப்பர் கடை ஒன்றையும் விடவில்லை. கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததுமே இல்லை என்று கையை ஆட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் ஆத்தூரில் ஒரு கடையில் சணல் கயிறு கட்டிய கட்டாகக் கிடைத்தது. நாற்பத்துமூன்று இதழ்கள். யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்து, அவருக்குப் பிறகு வீட்டில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் மேலே வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் எந்தெந்த மாதம் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். நடுநடுவே நிறைய மாதங்கள் இல்லை.

குழுவில் போடுவதற்கு முன்னால், பத்திரிகையை நடத்திய ஆசிரியரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. மகன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடையிலேயே நின்று பேசினோம்.

"ஊட்டுல ஒரு புஸ்தகம்கூட இல்லீங்க" என்றார். "நீங்க தாராளமா போட்டுக்கோங்க. அப்பா இருந்தா சந்தோசப்படுவாரு. ஆனா கட்டுரையெல்லாம் ஆளாளுக்கு எழுதி அனுப்பினதுங்க. அவிங்களையும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

குழுவில் நான் இப்படி எழுதினேன்: 'ஆசிரியரின் மகனை நேரில் பார்த்தேன். தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்.' அவர் சொன்னதில் பாதியை மட்டும் எழுதினேன். எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

என் மகள் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தவளிடம் இதழ்க் கட்டை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுதினவங்ககிட்ட கேட்டீங்களாப்பா?" என்றாள்.

"பத்திரிகையே நின்னுபோச்சும்மா. யாருகிட்டக் கேக்கறது?"

"பத்திரிகை நின்னா உரிமை நின்னுபோயிடாதுங்கப்பா. எழுதினவங்க இருக்கிற வரைக்கும் அது அவங்களுது. அவங்க போனதுக்கு அப்புறமும் அறுபது வருஷம் அவங்க குடும்பத்துக்கு."

"இதுக்கெல்லாம் யாரு வந்து கேஸ் போடப் போறாங்க?"

"கேஸைப் பத்தி நான் சொல்லலைங்கப்பா. கேக்கறதைப் பத்திச் சொல்றேன். நீங்க படிக்கறதுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இருநூறு பேருக்கு அனுப்பறது வேற. அடியில விலாசம் போட்டிருக்கு பாருங்க. ஆளுக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போடுங்க. பதில் வரலைன்னா அப்புறம் யோசிக்கலாம்."

சரி என்றேன். அவள் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எழுதியவரின் பெயரும் விலாசமும் இருந்தன. பதில் வேண்டுவோர் தபால்தலை ஒட்டிய உறை அனுப்பவும் என்று ஒரு வரி. அந்தப் பத்திரிகையின் வழக்கம் அது. முப்பது வருஷத்துக்கு முந்திய விலாசத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ஒரு கார்டுகூட எழுதவில்லை. தபால் நிலையம் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

ஜன்னல் ஓரமாக மேசையை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்தேன். இதழ்களின் அடி ஓரம் பூச்சி அரித்துக் கறுத்துப்போயிருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அடிப்பகுதியை எல்லாப் படங்களிலும் வெட்டிவிட்டேன். விலாச வரியும் அதோடு போயிற்று. குழுவில் ஒருவர், "ஆராச்சும் எடுத்துத் தம் பேரப் போட்டுக்குவாங்க சார், நீங்க முந்திக்கோங்க" என்று சொல்லி, படத்தின்மேல் எழுத்துப் போடுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். பக்கத்தின் அடியில் நீல எழுத்தில் 'சேகரிப்பு' என்று போட்டு என் பெயரையும், 'ரயில்வே, ஓய்வு' என்பதையும் சேர்த்தேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. அப்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது. தேடி அலைந்தவன் நான்தானே என்று இருந்தது.

வாரம் ஒரு கட்டுரை போட்டேன். குழுவே கொண்டாடியது. கும்பிடு போடும் கைகள் வரிசையாக வந்து விழும். முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து பேசினார்கள். கடைவீதியில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "புறாப் புஸ்தகம் போடறவருங்களா நீங்க?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருஷம் சரக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவனை யாரும் அப்படி நிறுத்திக் கேட்டதில்லை.

புறாவுக்குக் குடல்பூச்சி மருந்து கொடுப்பது பற்றிய கட்டுரை பத்தாவதோ பதினொன்றாவதோ. நல்ல கட்டுரை. எழுதியவருக்கு மருந்தும் தெரிந்திருந்தது, புறாவும் தெரிந்திருந்தது. எந்த மருந்து, எத்தனை மில்லி, எவ்வளவு தண்ணீரில், எத்தனை மணி நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிட வேண்டும் என்றெல்லாம் படிப்படியாக இருந்தது. நான் அதைச் செய்து பார்த்ததில்லை. படம் எடுத்தேன், வெட்டினேன், பெயரைப் போட்டேன், அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை வேளையில் சங்ககிரியிலிருந்து போன் வந்தது. லாரிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும். குழுவில் அதிகம் பேசமாட்டார்.

"சார், பூச்சி மருந்துப் பக்கம் போட்டிருந்தீங்களே. அதுல ஒரு லிட்டர் தண்ணிக்குன்னு இருக்குதுங்க. அது சரிதானுங்களா?"

"ஏன், என்னாச்சு?"

"நேத்து சாயங்காலம் கலந்து வெச்சனுங்க. காத்தால போய்ப் பாத்தா ஒம்பது போயிருச்சு. மிச்சமிருக்கறதும் நிக்க மாட்டேங்குதுங்க."

தண்ணீரை மாற்றுங்கள், உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மருந்து போலியாக இருந்திருக்கும், கடைக்காரன் பழைய மருந்தைக் கொடுத்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே போனேன். யார்மேலாவது போட்டுவிட வேண்டும் என்று மனம் தவித்தது.

அவர் வீடு மலைக்கோட்டைப் பக்கம் போகிற ஒரு சந்தில் இருந்தது. மாடியில் கூண்டுகள். லாரி பட்டறையில் மிஞ்சிய பலகைகளை வாங்கிவந்து தானே செய்தவை. ஒவ்வொரு அறைக்கும் நம்பர் பெயிண்டில் எழுதியிருந்தார். கூண்டின் கதவில் ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட பக்கம்தான். பிரிண்ட் எடுத்து, மழையில் நனையாமலிருக்க லேமினேட் செய்து, ஆணி அடித்து மாட்டியிருந்தார். அடியில் நீல எழுத்தில் என் பெயர்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மருந்து அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, பத்து மடங்காவது இருக்கும் என்று சொன்னாராம். மிச்சமிருந்தவற்றில் சில கழுத்தைத் திருகிக்கொண்டு சாய்ந்து கிடந்தன. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் இன்னும் மூன்று போயின. அதில் ஒன்று சாம்பல் நிறப் பெட்டை. கிருஷ்ணகிரிக்கு அப்பால் திறந்துவிட்டாலும் மதியத்துக்குள் வந்துவிடும் என்று அதைப் பற்றி அவர் ஒருமுறை குழுவில் எழுதியிருந்தார். அதை அவர் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார். அது அடங்கிய பிறகும் கீழே வைக்கவில்லை.

அவருடைய மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "கோழி மருந்துக் கடையில இருந்த பையன்கூட இது ஜாஸ்தியா இருக்குதேன்னு சொன்னானுங்க" என்றார். "இவருதான், போட்டது பெரியவரு, ரயில்வேல இருந்தவரு, பேரெல்லாம் போட்டிருக்குது, தப்பா இருக்காதுன்னு சொன்னாருங்க."

டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றார் கணவர், தலை நிமிராமல். "அச்சுல இருந்தது தானுங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதை நான் செய்து பார்த்ததில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து இதழை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். '1 லிட்டர்' என்றுதான் இருந்தது. ஆனால் ஒன்றுக்கும் லிட்டருக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். ஓர் எழுத்து உட்காரும் அளவுக்கு வெற்றிடம். பக்கத்தின் அடியில், நான் வெட்டியெறிந்த வரி, இதழில் அப்படியே இருந்தது. இரண்டு முன்னெழுத்து, ஒரு சின்னப் பெயர், நாமக்கல்லில் ஒரு தெரு.

மறுநாள் காலையில் நாமக்கல் போனேன். தெருவைக் கண்டுபிடிப்பது ஒரு சிரமமும் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்; மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதன் முனையைக் கடந்துதான் போயிருக்கிறேன். வீட்டின் கீழ்ப்பகுதியில் முட்டை அடுக்கும் அட்டைகள் விற்கிற கடை. கடைக்காரரிடம் பெயரைச் சொன்னதும், "அம்மாங்களா? மேல இருக்காங்க, போங்க" என்றார். அதுவரை எழுதியவர் ஒரு ஆண் என்றே நினைத்திருந்தேன்.

எழுபத்தைந்து வயதிருக்கும். கால்நடை மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்திருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பத்திரிகையின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒக்காருங்க சாமி. அதையெல்லாம் இன்னும் ஆராச்சும் வெச்சிருக்கறாங்களா?"

நான் இதழை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாங்கிய உடனேயே, படிக்காமலே சொன்னார்: "இதுல தப்பு இருக்குதுங்க. பத்து லிட்டருன்னு எழுதிக் குடுத்தேன். அச்சுக் கோக்கறப்ப சைபர் உதுந்து போச்சு. பாத்ததும் எனக்குத் தூக்கமே வல்லீங்க. மறுநாளே சேலத்துக்குப் போயி ஆசிரியரப் புடிச்சுச் சத்தம் போட்டேன். அடுத்த மாசம் மொதப் பக்கத்துலயே கட்டம் கட்டித் திருத்தம் போட்டாருங்க. எனக்கு லெட்டர் போட்டவிங்களுக்கெல்லாம் நானே தனியா எழுதுனேன்."

அடுத்த மாத இதழ் எனக்குக் கிடைத்த கட்டுக்குள் இல்லை. இல்லாத மாதங்கள் என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேனே, அதில் ஒன்று. அதைவிட ஒரு விஷயம் எனக்குள் குத்தியது. அந்த மாதம் நானும் சந்தாதாரன். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்ததை நான் படிக்காமல் இருந்திருக்க முடியாது. எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை.

"இப்ப என்ன, எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார்.

சொன்னேன். குழுவில் போட்டது, சங்ககிரி, செத்த புறாக்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டி, "அதக் காட்டுங்க" என்றார். கைபேசியில் படத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பெரிதாக்கி, மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்த்தார். அடிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"என்ற பேரு எங்கீங்க?"

நீல எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது ஆரு பேரு?"

"என் பேருங்கம்மா. சேகரிச்சதுன்னு போட்டேன்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். கீழே கடையில் அட்டைகளை வண்டியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"பேரு போட்டாப் பெருமைன்னு போடறதில்லீங்க அது" என்றார் பிறகு. "எழுதுனவ இங்கதான் இருக்கறேன், சந்தேகம்னா கேளுங்கன்னு போடறது. மருந்தப் பத்தி எழுதறேன், எம் பேரும் ஊடும் தெரியோணும்னு நாந்தான் ஆசிரியர்கிட்டச் சொன்னேன். அதுக்கப்பறம்தான் எல்லாத்துக்கும் விலாசம் போட ஆரம்பிச்சாரு. நீங்க ஒரு கார்டு போட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க. இத்தன வருசமா இதே ஊட்டுலதான் இருக்கறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுத்துருங்க" என்றார். "திருத்திப் போட வேண்டாம். மொத்தமா எடுத்துருங்க."

அவர் எதிரிலேயே குழுவைத் திறந்து அழிக்கப் பார்த்தேன். அனுப்பி மூன்று வாரத்துக்குமேல் ஆகிவிட்டதால் என் கைபேசியிலிருந்து மட்டும்தான் போயிற்று. மற்ற எல்லோரிடமும் அப்படியே இருந்தது. அதை அவருக்கு விளக்கிச் சொன்னபோது, "அப்ப எடுக்கவே முடியாதுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். பத்திரிகை அச்சான காலத்தில் அவர் பஸ் பிடித்துச் சேலம் போய்ச் சண்டை போட்டு, ஒரு மாதத்தில் திருத்தம் வாங்கிவிட்டார். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, தடித்த பேனாவால் அவரே எழுதினார்: 'அந்தக் கட்டுரையில் தண்ணீரின் அளவு தவறு. அதைப் பார்த்து யாரும் மருந்து கொடுக்க வேண்டாம். டாக்டரைக் கேட்டுக் கொடுக்கவும்.' கீழே பெயரும் விலாசமும். அதை ஓரம் வெட்டாமல் படம் எடுத்து அனுப்பினேன். கூடவே நடந்ததை நான்கு வரியில் எழுதினேன். ஆசிரியரின் மகன் சொன்ன மீதிப் பாதியையும் எழுதினேன். குழுவில் சிலர் சார் நல்ல மனசோடதானே பண்ணினார் என்றார்கள். ஒருவர், பழசையெல்லாம் எடுத்து வந்து போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார். இரண்டுமே எனக்கு ஆறுதலாக இல்லை.

அந்தப் பக்கம் அதற்குள் வேறு குழுக்களுக்குப் போயிருந்தது. ஓசூரிலிருந்து ஒருவர், திருச்சிப் பக்கமிருந்து ஒருவர் என்று எனக்கே அனுப்பினார்கள், மிகவும் பயனுள்ள தகவல் என்று. வரும்போதெல்லாம் அந்த அம்மா எழுதிய தாளைப் பதிலுக்கு அனுப்புகிறேன். அது யாரையெல்லாம் போய்ச் சேர்கிறது, யாரையெல்லாம் சேரவில்லை என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அதற்குப் பிறகு கார்டு எழுதினேன். என்னிடம் இருந்த இதழ்களில் எழுதியிருந்த எல்லோருக்கும், ஒருவர் விடாமல். பாதிக்குமேல் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தன. நான்கு பேர் வீட்டிலிருந்து பதில் வந்தது. ஒருவருடைய மகள், அப்பா எழுதியது எதுவும் எங்களிடம் இல்லை, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். அனுப்பினேன். இன்னொருவர் ஒற்றை வரியில், போட வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தார். காரணம் சொல்லவில்லை. முன்பு என்றால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து மகளோடு நாமக்கல் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் எழுதிய வேறு ஆறு கட்டுரைகள் என்னிடம் இருந்தன. பெயர், விலாசத்தோடு போடலாமா என்று முறைப்படி கேட்டேன். மகள் அனுமதிக் கடிதம் ஒன்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள். அவர் அதை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

"வேண்டாமுங்க சாமி. அந்த மருந்தெல்லாம் இப்ப மாறிப்போச்சு. எல்லாத்தையும் பாத்துத் திருத்தி எழுதோணும். எனக்குக் கண்ணு ஒத்துழைக்காது. திருத்தாமப் போட எனக்கு மனசு வராது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முட்டைய வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறதப் பத்தி ஒண்ணு எழுதினனே, அத மட்டும் போட்டுக்கோங்க. அதுல மருந்து இல்ல" என்றார்.

"உங்களுக்கு வாசிச்சுக் காட்டி நான் எழுதிக்கறேன், திருத்தம் நீங்க சொல்லுங்கம்மா" என்று மகள் கேட்டுப் பார்த்தாள். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. நான் முதலிலேயே போயிருந்தால், கண் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால், ஒரு தப்பும் நடப்பதற்கு முன்னால் போய் அந்த முகமலர்ச்சியோடு பேசியிருந்தால், ஏழு கட்டுரையையும் அவரே உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. முட்டைக் கட்டுரையைப் போட்டேன். நாலைந்து பேர் பார்த்தார்கள்.

சங்ககிரிக்கு ஒருமுறை போன் செய்து, வரலாமா என்று கேட்டுக்கொண்டு போனேன். என் கூட்டில் பொரித்த குஞ்சுகளில் நல்ல ஜோடி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். முதல் தடவை சொல்லாமல் வந்ததைச் சொன்னேன். எழுதியவரைக் கேட்காமல் போட்டேன், அவர் விலாசத்தை நான்தான் வெட்டினேன், கேட்டிருந்தால் உங்கள் புறாக்கள் இருந்திருக்கும் என்றேன். அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

"அப்படிங்களா" என்றார் கடைசியில். அது தெரியாமலிருந்தபோது அவர் என்னிடம் இன்னும் கொஞ்சம் இணக்கமாகப் பேசியிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கூண்டுகளைப் பிரித்திருந்தார். பிழைத்த பறவைகளைப் பள்ளிபாளையத்தில் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டாராம். நம்பர் எழுதிய பலகைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. நான் கொண்டுபோன ஜோடியைக் கையில் வாங்கிச் சிறகை விரித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார், நல்ல ஜாதி என்றார். பிறகு கூடையிலேயே விட்டு மூடினார்.

"வேண்டாமுங்க சார். இப்ப முடியாதுங்க."

நான் வற்புறுத்தவில்லை. டீ குடித்தோம். லாரிகளில் இப்போது வருகிற வயரிங் எல்லாம் வேறு மாதிரி, கம்ப்யூட்டர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடிவதில்லை என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தம்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.